ஸ்ட்ரீட் ரேஸ் பார்க்க ஆம்பூர், வேலூரில் இருந்து கிளம்புறீங்களா? டிக்கெட்டுக்கு முன்னாடி கடைசி ரயிலைப் பாருங்க!

சென்னை தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்த ஃபார்முலா 4 ஸ்ட்ரீட் ரேஸ் முடிந்துவிட்டது. ஆனா நேப்பியர் பாலத்துப் பக்கம் விளக்கு வெளிச்சத்தில் கார்கள் சீறிப் போகும் ரீல்ஸ் இன்னும் போனில் சுத்திக்கிட்டேதான் இருக்கு. அதைப் பார்த்துட்டு "அடுத்த தடவை நாமளும் போயிடணும்" என்று நினைக்கிற ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை பக்கத்து ஆளா நீங்க? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

போறது சுலபம். திரும்பி வர்றதுலதான் சிக்கல். எப்படின்னு பார்ப்போம்.

சென்னையில் நடந்தது என்ன?

இந்தியாவில் இரவு நேரத்தில் நடந்த முதல் ஸ்ட்ரீட் ரேஸ் இது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ரேசிங் புரமோஷன்ஸ் பிரைவேட் லிமிடெட் என்ற தனியார் நிறுவனமும் சேர்ந்து நடத்தின. கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று நாம் தினமும் பஸ்ஸில் போகும் ரோடுகளையே இணைத்து 3.5 கி.மீ நீளத்துக்கு ட்ராக் போட்டார்கள். மொத்தம் 19 திருப்பங்கள்.

முதலில் இது 2023 டிசம்பரில் நடந்திருக்க வேண்டியது. மிக்ஜாம் புயல் சென்னையை முக்கி எடுத்ததில் தள்ளிப்போனது. நடுவில் உயர் நீதிமன்றத்தில் வழக்கு. ஊருக்கு நடுவில் ரேஸ் தேவையா, பக்கத்திலேயே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையும் ஓமந்தூரார் மருத்துவமனையும் இருக்கே, சத்தத்துக்கு என்ன பதில், அரசுப் பணம் 42 கோடி ரூபாயை இதில் போடலாமா என்று பல கேள்விகள். ரேஸுக்குத் தடையில்லை, ஆனால் அந்த 42 கோடியை ரேஸ் நிறுவனம் அரசுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் சொன்னது.

ஒரு சின்ன குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். டிவியில் வெர்ஸ்டாப்பனும் ஹாமில்டனும் ஓட்டுவது ஃபார்முலா 1. சென்னையில் ஓடியது ஃபார்முலா 4. ஒற்றை இருக்கை ஃபார்முலா கார் ரேஸில் கார்ட்டிங் முடித்து வரும் பசங்க ஏறும் முதல் படிக்கட்டு இது. 15 வயது ஆனாலே ஓட்டலாம். காரின் வேகம் மணிக்கு 240 கி.மீ சுற்றுவட்டாரம் வரை போகும். அதோடு இந்தியன் ரேசிங் லீக் கார்களும் ஓடின. "எஃப்1 வந்துடுச்சு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதை நம்பிப் போயிருந்தால் ஏமாற்றம்தான். ஆனா கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும்போது 240 கி.மீ வேகமே நெஞ்சை அதிர வைக்கப் போதும்.

இது நமக்குத் தெரிஞ்ச ஆட்டம்தான்

ஸ்ட்ரீட் சர்க்யூட் என்றதும் புரியாத விஷயம் மாதிரி இருக்கும். வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பொங்கல் முடிந்ததும் ஊர் ஊராக நடக்கும் எருது விடும் விழாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று வரை பால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் போன தெரு. ரெண்டு பக்கமும் சவுக்குக் கட்டை தடுப்பு ஏறும். மாட்டை அவிழ்த்து விடுவார்கள். குறிப்பிட்ட தூரத்தை எந்த மாடு குறைஞ்ச நொடியில் கடக்குதோ அதுக்கு முதல் பரிசு. நொடியைக்கூடப் பின்னமாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுவார்கள். கார் ரேஸில் "குவாலிஃபையிங்" என்று ஒன்று வருமே, அதுவும் கிட்டத்தட்ட இதேதான். எதிராளி யாரும் முக்கியமில்லை, கடிகாரம்தான் எதிரி. அதில் எடுத்த நேரத்தை வைத்துத்தான் அசல் ரேஸில் யார் முன்னால் நிற்பது என்று முடிவாகும்.

இன்னொரு ஒற்றுமையும் இருக்கு. அதுதான் நம்ம விஷயத்துக்கு முக்கியம். எருது விடும் விழாவில் தடுப்பு சரியாக இருக்கிறதா, மருத்துவக் குழு வந்துவிட்டதா, மாடுகளை டாக்டர் பார்த்தாச்சா என்று அதிகாரிகள் வந்து பார்த்து ஓகே சொன்னால்தான் முதல் மாடு அவிழும். அந்த ஓகே தள்ளிப்போனால் காலையில் இருந்து வெயிலில் நிற்கிற கூட்டத்தின் பொறுமை போய்விடும். 2023 பிப்ரவரியில் ஓசூர் பக்கம் கோபசந்திரத்தில் அனுமதி தாமதமானதில் கிருஷ்ணகிரி – பெங்களூரு நெடுஞ்சாலையே மணிக்கணக்கில் முடங்கியது ஞாபகம் இருக்கலாம்.

ஸ்ட்ரீட் ரேஸிலும் அப்படி ஒரு ஓகே இருக்கு. கொடுப்பது சர்வதேச மோட்டார் வாகன கூட்டமைப்பான எஃப்ஐஏ.

நேரம் ஏன் இப்படி நழுவுது?

நிரந்தரமான ரேஸ் ட்ராக்கில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது. அங்கே சுவர், வேலி, மண் பரப்பு எல்லாம் வருஷம் முழுக்க அப்படியே இருக்கும். சான்றிதழும் முன்கூட்டியே கையில் இருக்கும்.

தெருவில் அப்படி முடியாது. அண்ணா சாலையை பத்து நாளைக்கு முன்னாடியே மூடிவிட்டு நிதானமாக வேலை பார்க்க எந்த ஊரிலும் விட மாட்டார்கள். போக்குவரத்தை நிறுத்தி, கான்கிரீட் தடுப்புகளை அடுக்கி, மேலே கம்பி வேலி கட்டி, விளக்குப் போட்டு, சாலையில் இருக்கும் மூடிகளை எல்லாம் அசையாமல் இறுக்கி, எல்லாம் முடிந்த பிறகுதான் எஃப்ஐஏ ஆள் வந்து சுற்றிப் பார்ப்பார். அதாவது ரேஸுக்கு ரொம்ப நெருக்கத்தில். அதில் ஒரு இடத்தில் "இது சரியில்லை, மாத்துங்க" என்று சொல்லிவிட்டால் போச்சு. ரசிகர்கள் கேட்டில் நிற்கும்போது உள்ளே வெல்டிங் நடந்துகொண்டிருக்கும்.

சென்னையிலும் ஏறக்குறைய இதுதான் ஆனது. சனிக்கிழமை நண்பகலுக்குள் எஃப்ஐஏ சான்று பெற வேண்டும் என்பது நீதிமன்றம் வைத்த நிபந்தனை. முந்தைய நாள் மழை வேலையைக் கெடுத்தது. அவகாசம் கேட்டார்கள். நீட்டித்தார்கள், கடைசியில் இரவு 8 மணி வரை. சான்று மாலையில்தான் கிடைத்தது. பிற்பகலில் தொடங்க வேண்டிய பயிற்சி ஓட்டம் இருட்டிய பிறகுதான் தொடங்கியது. ஆம்பூரில் இருந்து அதிகாலை ரயிலேறி வந்து, சாயங்காலம் ரயில் பிடித்துத் திரும்பிவிடலாம் என்று சனிக்கிழமைக்குத் திட்டம் போட்டிருந்தவர் ஒருவர் இருந்திருந்தால், ஒரு கார்கூட ஓடிப் பார்க்காமல் வீடு திரும்பியிருப்பார்.

இதை வைத்து "நம்ம ஊர்ல இப்படித்தான்" என்று சலித்துக்கொள்ள வேண்டாம். ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் ஏரிக்கரையில் 2022 நவம்பரில் நடந்த இந்தியன் ரேசிங் லீக்கின் முதல் வார இறுதியில் தாமதம், விபத்து எல்லாம் சேர்ந்து, வெளிச்சமும் போய், ரேஸ்களையே ரத்து செய்தார்கள். அட, எஃப்1-க்கே இந்தக் கதிதான். 2023 நவம்பரில் லாஸ் வேகாஸ் தெருக்களில் முதல் பயிற்சி ஓட்டம் தொடங்கி பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சாலையில் இருந்த ஒரு தண்ணீர் வால்வு மூடி பெயர்ந்து வந்து கார்லோஸ் சைன்ஸின் ஃபெராரி காரின் அடிப்பாகத்தைக் கிழித்துவிட்டது. எல்லா மூடிகளையும் சரிபார்த்து அடுத்த பயிற்சியைத் தொடங்கும்போது அதிகாலை 2.30. அதுக்குள்ளே ரசிகர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். காசு கொடுத்து வந்தவர்கள் ஹோட்டல் ரூமில் டிவியில் பார்த்தார்கள். கொட்டிக் கிடக்கும் பணத்துக்கும் ஒரு இரும்பு மூடி அடங்கவில்லை.

ஆக, ஸ்ட்ரீட் ரேஸ் அட்டவணையில் போட்டிருக்கும் நேரத்தை கல்யாணப் பத்திரிகை முகூர்த்தம் மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. வரவேற்பு நேரம் மாதிரிதான் எடுத்துக்கொள்ள வேண்டும். "மாலை 6 மணி முதல்" என்று போட்டிருக்கும்; மாப்பிள்ளை எட்டரைக்கு மேடை ஏறுவார்.

போறதுக்கு வழி: இவ்வளவு வசதி யாருக்குமே இல்லை

தீவுத்திடல் விஷயத்தில் நம்ம பெல்ட்டுக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம். மதுரை, திருச்சிக்காரர் எழும்பூரில் இறங்கி வரணும். நாம சென்ட்ரலில் இறங்கினால் ஏறக்குறைய ட்ராக் வாசலிலேயே இறங்கின மாதிரி. சுமார் 2 கி.மீ, நடந்தே போயிடலாம். மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன் தள்ளி அரசினர் தோட்டம். எந்த கேட் எந்தப் பக்கம் என்று டிக்கெட்டில் போட்டிருப்பதை மட்டும் முதலில் பாருங்க. தப்பான கேட்டுக்குப் போய்விட்டால், சாலைகள் மூடியிருப்பதால் சுற்றி வளைத்து நடந்தே கால் போயிடும்.

ஜோலார்பேட்டையில் இருந்து அதிகாலையில் கிளம்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், காட்பாடி என்று அள்ளிக்கொண்டு காலை ஒன்பது மணி வாக்கில் சென்ட்ரலில் விடும். இரவு ரேஸுக்கு அவ்வளவு சீக்கிரம் தேவையில்லை என்றால் பெங்களூருவில் இருந்து வரும் லால்பாக் இருக்கு, மதியத்துக்குள் சென்னை வந்துவிடும். அது காட்பாடியில் நிற்கும். பேரணாம்பட்டுக்காரர்களுக்கு ரயில் கிடையாது, பஸ்ஸில் ஆம்பூரோ குடியாத்தமோ வந்து ஏறணும். மேல்விஷாரம், ஆற்காடு பக்கம் என்றால் நேரா பஸ்தான் நல்லது. தென் மாவட்ட பஸ்கள் கிளாம்பாக்கம் போய்விட்டாலும், வேலூர், ஆம்பூர், பெங்களூரு தடத்து பஸ்கள் 2024-ல் கோயம்பேட்டில் இருந்துதான் ஓடின. கோயம்பேட்டில் இறங்கி மெட்ரோ ஏறினால் மாறாமல் கொள்ளாமல் சென்ட்ரல்.

கார் எடுத்துட்டுப் போறேன் என்பவர்களுக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். ரேஸ் நடக்கும் இடமே ரோடுதான். அதைச் சுற்றியிருக்கும் ரோடு எல்லாம் திருப்பி விடப்பட்டிருக்கும். நாலு பேர் சேர்ந்து காரில்தான் வருவோம் என்றால் கோயம்பேடு பக்கமே எங்காவது விட்டுவிட்டு மெட்ரோவில் வாங்க.

திரும்பி வர்றது: இங்கேதான் உண்மையான ரேஸ்

காலையில் நம்மை ஏற்றி வந்த அதே ஏலகிரி, சென்ட்ரலில் இருந்து திரும்பக் கிளம்புவது மாலை ஆறு மணி வாக்கில். ரேஸ் விளக்கு எரிய ஆரம்பிக்கும் நேரம். அதைப் பிடித்தால் ரேஸ் கிடையாது. விட்டால், ஆம்பூர், வாணியம்பாடிக்காரருக்கு "நம்ம ரயில்" என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை.

இரவு பத்து, பதினொன்று வாக்கில் சென்ட்ரலில் இருந்து சேரன், பெங்களூரு மெயில், ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று சில ரயில்கள் கிளம்பும். காட்பாடியில் நிற்கும். ஆனா எல்லாமே ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ நிற்காது. எது நிற்கும், எது நிற்காது, நேரம் மாறியிருக்கா என்று புக் பண்ணும்போதே ரயில்வே ஆப்பில் பார்த்துடுங்க. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பெங்களூரு, கோவை பக்கம் போகும் ரயிலில் முன்பதிவில்லாத பெட்டி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருவது சாகசம் இல்லை. டிக்கெட் வாங்கும் அன்றைக்கே ரிட்டர்ன் ரிசர்வேஷனும் போட்டுடுங்க. காட்பாடி வரைக்குமாவது.

கணக்கைப் பாருங்க. ரேஸ் பத்து பத்தரைக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்தோடு வெளியே வரவே அரை மணி நேரம். பதினோரு மணி ரயிலைப் பிடித்தால் காட்பாடிக்கு வரும்போது ராத்திரி ஒன்றைத் தொடும். அங்கிருந்து வேலூர் டவுன்காரர் ஆட்டோ பிடித்துப் போயிடுவார். ஆம்பூர்க்காரர் பஸ் தேடணும். ரயிலை விட்டுவிட்டால் மெட்ரோ பிடித்துக் கோயம்பேடு போகலாம், ஆனா மெட்ரோ வழக்கமாக ஓடுவது இரவு 11 மணி வரைதான். கோயம்பேட்டில் 2024-ல் பெங்களூரு பஸ் ராத்திரி முழுக்க கிடைத்தது. ஆம்பூரில் பைபாஸிலேயே இறக்கிவிடுவாரா, ஊருக்குள் வருமா என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளணும். வீட்டுக்கு வரும்போது மூணரை, நாலு.

அடுத்த நாள் திங்கள்கிழமை. ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறவருக்கு இந்த ஒரு வார்த்தையே போதும். காலையில் கம்பெனி பஸ் ஊர் முனைக்கு வந்து ஹாரன் அடிக்கும். தூக்கம் இல்லாத கண்ணோடு ஸ்கைவிங் மெஷினிலோ கட்டிங் பிரஸ்ஸிலோ போய் உட்காருவது விளையாட்டு இல்லை. கை போகிற வேலை அது. திங்கள்கிழமை லீவு சொல்லிவிட்டுக் கிளம்புங்க, இல்லைன்னா சென்ட்ரல் பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் ராத்திரி தங்கிவிட்டு காலையில் வாங்க. ரெண்டுக்கும் செலவு உண்டு. அந்தச் செலவையும் டிக்கெட் விலையோடு சேர்த்துத்தான் பார்க்கணும்.

தோல், ஷூ கம்பெனிகளில் தையலில் இருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். அவர்களில் ஒரு நாலு தோழிகள் சேர்ந்து ரேஸ் பார்க்க ஆசைப்பட்டால் ராத்திரி ஒரு மணிக்கு காட்பாடி, மூணரைக்கு ஆம்பூர் பைபாஸ் என்ற கணக்கு எத்தனை வீட்டில் செல்லும்? "இரவு ரேஸ்" என்று போஸ்டரில் போடும்போது கெத்தாகத்தான் இருக்கு. சென்னைக்குள் இருப்பவருக்கு அது இதமான நேரமும்கூட, வெயில் இருக்காது. வெளியூர்க்காரருக்கு, அதிலும் பெண்களுக்கு, அதே நேரம்தான் முதல் தடுப்பு.

எவ்வளவு ஆகும்?

2024 ரேஸுக்கு டிக்கெட் விலை 1,699 ரூபாயில் தொடங்கியது. சொகுசு லவுஞ்ச் என்றால் அதைப்போலப் பல மடங்கு. ஆம்பூரில் இருந்து சென்ட்ரலுக்கு எக்ஸ்பிரஸ் ரயிலில் முன்பதிவில்லா டிக்கெட் 100 ரூபாய்க்குள்தான். 180 கி.மீ தூரத்தைக் கடக்க நூறு ரூபாய், கேட்டைக் கடக்க ஆயிரத்து எழுநூறு! தையல் மெஷினில் உட்காரும் ஒருவருக்கு அந்த ஒரு டிக்கெட்டே குறைஞ்சது மூணு நாள் கூலி. அதோடு லாட்ஜ், சாப்பாடு, போன நாள் சம்பளம் எல்லாம் சேர்ந்தால் ஒரு வாரச் சம்பளம் காலி. (சாப்பாட்டை மட்டும் ஊரிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்க. ஆம்பூர்க்காரர் சென்னையில் போய் பிரியாணி பொட்டலம் வாங்குவது நல்லா இருக்காது.)

"தெருவில்தானே நடக்குது, ஓரமா நின்னு ஓசியில் பார்க்கலாமா?" என்றால், முடியாது. எருது விடும் விழாவில் மொட்டை மாடி இருக்கும், இங்கே அதுக்கும் வழியில்லை. சுற்றிலும் தடுப்பு, போலீஸ்.

இன்னொன்று. வாங்கும் முன் டிக்கெட்டின் விதிமுறையில் ரெண்டு விஷயம் தேடிப் படிங்க. ரேஸ் ரத்தானால் பணம் திரும்ப வருமா? தேதி மாறினால் அதே டிக்கெட் செல்லுமா? புயலால் எட்டு மாசத்துக்கு மேல் தள்ளிப்போன ரேஸ் இது. மறுபடி நடக்காது என்று யாரும் எழுதித் தரப் போவதில்லை. சென்னையில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பகல் வெயிலுக்குப் பிறகு சாயங்காலம் இடி மழை கொட்டுவது வழக்கம். டிசம்பர் என்றால் புயல் சீசன். இரவு ரேஸுக்கு எந்தத் தேதி குறித்தாலும் மேகத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கணும். குடை உள்ளே விட மாட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு ஒரு ரெயின்கோட் மடித்து எடுத்துக்கோங்க.

எங்கே உட்கார்ந்தால் தெரியும்?

நேர் ரோட்டில் சீட் போட்டால் கார் வருவது தெரியாது, போனது மட்டும்தான் தெரியும். "விர்ர்" என்று ஒரு சத்தம், கழுத்தைத் திருப்புவதற்குள் முடிந்துவிடும். அதிலும் தெரு ட்ராக்கில் கார் நம்ம முன்னாடி போகும்போது இடையில் கான்கிரீட் சுவரும் வலையும் இருக்கும். படம் எடுத்தால் வலைதான் ஃபோகஸ் ஆகும்.

நீளமான நேர் ரோடு முடிந்து, பிரேக் அடித்துத் திரும்பும் வளைவு எங்கே இருக்கோ, அதுதான் நல்ல இடம். அங்கேதான் ஒருத்தரை ஒருத்தர் முந்தப் பார்ப்பார்கள், அங்கேதான் சுவரில் உரசுவார்கள். கூடவே பெரிய திரை கண்ணுக்குத் தெரிகிற ஸ்டாண்டா என்று பாருங்க. 3.5 கி.மீ ட்ராக்கில் நம்ம கண்ணுக்குத் தெரியப்போவது இருநூறு முந்நூறு மீட்டர்தான். மீதிக் கதை திரையில்தான் ஓடும். திரை தெரியாத ஸ்டாண்டில் உட்கார்ந்தால் யார் முதல், யார் கடைசி என்றே புரியாது. குழந்தைகளைக் கூட்டிப்போனால் காதுக்கு அடைப்பான் கண்டிப்பாக வேணும்.

வழியிலேயே ஒரு ட்ராக் இருக்கே?

வேலூரில் இருந்து சென்னைக்கு பஸ்ஸில் போகும்போது ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருங்காட்டுக்கோட்டை வரும். அங்கே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் நிரந்தர ரேஸ் ட்ராக் பல வருஷமாக இருக்கு, 3.7 கி.மீ நீளம். அதுக்கு முன்னாடி சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுபாதையில்தான் ரேஸ் நடக்கும். அந்தக் காலத்தில் அதைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தைப் பற்றிப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். நரேன் கார்த்திகேயனும் கருண் சந்தோக்கும் எஃப்1 வரை போன மாநிலம் இது. "இருங்காட்டுக்கோட்டை இருக்கும்போது தீவுத்திடல் எதுக்கு?" என்ற கேள்வி வந்ததும் அதனால்தான்.

பார்வையாளராக மட்டும் யோசித்தால், நம்ம பெல்ட்டுக்கு இருங்காட்டுக்கோட்டைதான் லாபம். அங்கே ரேஸ் பெரும்பாலும் பகலில்தான். நாம் போகும் நெடுஞ்சாலையிலேயே இருக்கு, சென்னைக்குள் நுழையவே வேண்டாம். சாயங்காலம் பஸ் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு. எஃப்4 கார்களும் அங்கே ஓடுவது உண்டு. ரீல்ஸுக்கு நேப்பியர் பாலம் கிடைக்காது, அவ்வளவுதான். முதல் தடவை ரேஸ் பார்க்கப் போகிறவருக்கு என் ஓட்டு இருங்காட்டுக்கோட்டைக்கு.

சிங்கப்பூர் போறவங்களுக்கு

2024 செப்டம்பர் 20, 21, 22 தேதிகளில் சிங்கப்பூர் மெரினா பே தெருக்களில் எஃப்1 நடந்தது. எஃப்1 வரலாற்றின் முதல் இரவு ரேஸ் 2008-ல் நடந்தது இங்கேதான். 2024-ல் ட்ராக் 4.94 கி.மீ, 62 சுற்று. அங்கே உறவுக்காரர் இருக்கிறவர்கள், தோல் வியாபார விஷயமாக அடிக்கடி போய் வருகிறவர்கள் இந்த வாரத்தைக் குறிவைத்துப் போவதுண்டு. விசா கட்டாயம் வேணும். ரேஸ் வாரத்தில் ஹோட்டல் வாடகை எகிறும் என்பதால் சொந்தக்காரர் வீடு இருந்தால் அதுவே பெரிய தள்ளுபடி.

நேரம் நழுவுவது அங்கேயும் உண்டு. 2022-ல் மழை கொட்டியதில் ரேஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகத்தான் தொடங்கியது. வித்தியாசம் அதுக்கப்புறம்தான். ரேஸ் இரவுகளில் எம்ஆர்டி ரயில் ஓடும் நேரத்தை நீட்டிப்பது அங்கே வழக்கம். வந்த கூட்டம் வீடு போய்ச் சேருவதும் ரேஸ் ஏற்பாட்டில் ஒரு பகுதி என்று வைத்திருக்கிறார்கள்.

அந்த ஸ்பெஷல் பஸ் எங்கே?

நம்ம ஊருக்கு இது தெரியாத வித்தையா? மாசாமாசம் பௌர்ணமிக்கு திருவண்ணாமலை கிரிவலத்துக்கு ராத்திரியெல்லாம் சிறப்பு பஸ் ஓடுது. வேலூரில் இருந்தே ஓடுது. சேப்பாக்கத்தில் ஐபிஎல் பார்க்க வருகிறவர்கள் மேட்ச் டிக்கெட்டைக் காட்டியே மெட்ரோவில் போன அனுபவமும் சென்னைக்கு இருக்கு. ராத்திரி கூட்டத்தைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பும் வேலையில் நம்ம போக்குவரத்துக் கழகத்துக்கு இருக்கும் பழக்கம் சாதாரணமானது இல்லை.

தமிழ்நாடு அரசின் பணத்தில் தொடங்கிய ரேஸ் என்றால், அந்தப் பணத்தில் ஆம்பூரும் பேரணாம்பட்டும் கட்டிய வரியும் இருக்கு. அடுத்த ரேஸுக்கு அறிவிப்பு வரும்போது டிக்கெட் விலை என்ன, எந்த நடிகர் வருகிறார் என்று கேட்பதோடு, ரேஸ் முடிந்ததும் தீவுத்திடலில் இருந்து காட்பாடிக்கும் ஆம்பூருக்கும் பஸ் உண்டா, ரேஸ் தாமதமானால் அந்த பஸ் காத்திருக்குமா என்றும் கேளுங்க. அதுக்கு பதில் வரும் வரைக்கும் டிக்கெட் ஆப்பைத் திறப்பதற்கு முன்னாடி ரயில்வே ஆப்பைத் திறங்க. ஞாயிறு இரவு, சென்ட்ரல் டு காட்பாடி, சீட் இருக்கா பாருங்க.